துண்டில் இரண்டு சொட்டு

ஜூலை 18, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் எங்கள் திருமணத் தகவல் மையத்தில் ஈ ஓட்டுவதுதான் வேலை. முதலாளியம்மா பழைய பயோடேட்டாக்களை அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டு மகளைப் பார்க்கத் திருச்சி போய்விட்டார். பதினோரு மணிக்கே அடுக்கி முடித்துவிட்டேன். மனசில் இருப்பதை யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். மேசையில் இந்த டயரிதான் இருக்கிறது.

நேற்று என் தம்பி கனகவேலைப் போலீஸ் பிடித்துவிட்டது. இங்கே கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். மத்தியானம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், பைபாஸ் ஓரம் வேனை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளாடியிருக்கிறான். பேச்சும் குழறியிருக்கிறது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனியில் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், முப்பத்தைந்து வயது. சீ!

சாயங்காலம் போனில் பிடித்தேன். "இனிமே என் வீட்டுப் படி ஏறாத. அப்பன் புத்தி அப்பிடியே இறங்கியிருக்கு உனக்கு" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

எங்கள் அப்பா தவசிலிங்கம் குடிகாரர். ஊருக்கே தெரியும். மாதத்தில் நாலைந்து நாள் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருவார். நாக்கு குழறும். தோளில் கிடக்கும் துண்டில் பிராந்தி நாறும். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காதது போல மரக்கடைக்கு வேலைக்குக் கிளம்புவார். எனக்குப் பதினைந்து வயதில், ரோட்டில் விழுந்து லாரியில் அடிபட்டுச் செத்தார். நான் அழவில்லை. இன்று எனக்கு முப்பத்தொன்பது. ஒருவன் குடிப்பானா மாட்டானா என்பதை, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவேன். "சந்தனமாரி, இந்தப் பையனை ஒரு பார்வை பாரு" என்று முதலாளியம்மா என்னைத்தான் கூப்பிடுவார். இதுவரை தப்பியதில்லை.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கை நழுவி அறை முழுக்க ஈரம். இந்தத் தரை ரொம்ப வழுக்குகிறது. முதலாளியம்மா வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூலை 20, வியாழன்

தம்பி பெண்டாட்டி அன்னலட்சுமி போன் செய்தாள். ஊதிப் பார்க்கும் மெஷினில் அவனை மூன்று தடவை ஊதச் சொன்னார்களாம். மூன்று தடவையும் ஒன்றும் காட்டவில்லையாம். மூன்று மணி நேரத்தில் ஆள் தெளிந்துவிட்டானாம், போலீஸ்காரரே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றேன்.

"மதினி, மூணு தடவையுமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் எதுவும் இல்லை.

ஜூலை 21, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அம்மன் கோவிலில் கூட்டம் தாங்கவில்லை. வரிசையில் ஒருத்தி முன்னால் புகுந்தாள், அவளோடு ஒரு சண்டை. அப்புறம் எனக்குத் தலை சுற்றிவிட்டது. வெயில், வெறும் வயிறு, பித்தம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மோர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு டம்ளர் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். நான் தெளிவாகத்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வெயில்தானே.

ஜூலை 24, திங்கள்

கனகவேல் மையத்துக்கே வந்துவிட்டான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான். ஒழுங்காகத்தான் கழற்றினான்.

"அக்கா, நான் குடிக்கல."

எழுந்து போய் அவன் சட்டையை மோந்து பார்த்தேன். ஆமாம், மோந்துதான் பார்த்தேன். சோப்பு வாசனைதான் இருந்தது.

"பதினஞ்சு பதினாறு வயசில இருந்தே வருதுக்கா. ஓடினா வரும், பயந்தா வரும், கோவப்பட்டா வரும். தரை நகருற மாதிரி இருக்கும். கால் நிக்காது, நாக்கு பெரளாது. ரெண்டு மூணு மணி நேரத்தில தானா போயிரும். அன்னைக்கு வர்றது தெரிஞ்சுதான் வண்டிய ஓரங்கட்டி இறங்கினேன்."

"இத்தனை வருஷமா ஏம்லே சொல்லல?"

"சொன்னா நீ அப்பா மாதிரின்னு சொல்லுவ." சிரிக்கத்தான் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. "சொல்லாமலே சொல்லிட்ட."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், பெயர் முத்துமாணிக்கம், அதிகம் பேசமாட்டார். "மதுரையில நரம்பு டாக்டர் ஒருத்தரு இருக்காரு. வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு மறுபடியும் கொஞ்சம் தலைசுற்றல். மத்தியானச் சாப்பாடு நேரமாகிவிட்டது.

ஜூலை 27, வியாழன்

மதுரையிலிருந்து வந்துவிட்டார்கள். ஸ்கேன், நடக்க வைத்துப் பார்த்தது, கண்ணில் லைட் அடித்துப் பார்த்தது எல்லாம் ஆயிற்று. இது வந்து வந்து போகிற நரம்புத் தள்ளாட்டம், குடும்பத்தில் இறங்கி வருகிற வகையாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். "அப்பாவுக்கு இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா குடிகாரர் சார்" என்றிருக்கிறான் கனகவேல். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டாராம். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, "எங்கே குடிப்பார்? யாரோடு குடிப்பார்?" என்று கேட்டாராம். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். மரபணு ஆலோசனைக்காம். கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போனால் நல்லது என்று போட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். "போயிட்டு வந்துருவோமா?"

"எனக்கு என்ன கேடு? நான் வரமாட்டேன்."

எனக்குப் பதினேழு வருஷ அனுபவம். ஒரு வீட்டில் ஒருத்திக்கு வலிப்பு என்று காதில் விழுந்தால் போதும், அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் பயோடேட்டாவும் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும். நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். என் மகள் மதிவதனிக்குப் பதினாறு வயது. இன்னும் ஒன்பது வருஷத்தில் அவள் படமும் ஏதோ ஒரு தட்டில் இருக்கும். மதுரைக்குப் போய் என் கையாலேயே அவளைக் கீழ்த்தட்டில் வைக்கவா?

கடிதத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

மாத்திரை கேட்கிறது! மூன்று நாளில் கனகவேலுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவன் வீட்டுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோனேன். பிள்ளைகளோடு தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவன் ஓடி நான் பார்த்தே இருபது வருஷம் இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம், சோடா குடித்தால் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறதாம். "ஓட முடியுதுல்லா, அது போதும்க்கா, சோடாவே வேண்டாம்" என்று சிரிக்கிறான். அன்னலட்சுமி அடுப்படியில் நின்று அழுதாள். நானும் அழுதேன்.

நல்ல மாத்திரை. அவனுக்கு வேண்டியது, அவன் போட்டுக்கொள்கிறான்.

ஆகஸ்ட் 2, புதன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த டாக்டர் கேட்ட கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா செல்லக்கனி தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா எந்தக் கடையில குடிப்பாரு?"

சொளகு நின்றது. "செத்துப்போன மனுசனை இப்ப எதுக்கு இழுக்க?"

"டாக்டர் கேட்டாராம். கூட உக்காந்து குடிச்ச ஒருத்தர் பேரச் சொல்லு, போதும்."

உளுந்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "ஒருத்தரும் இல்லட்டி. அவுக குடிச்சதே இல்ல."

"துண்டு நாறும்லாம்மா. நானே மோந்திருக்கேன்."

"நான்தான் ஊத்துவேன்."

எனக்குப் புரியவே இல்லை. அம்மா சொளகைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் பேசினாள்.

"உங்க பேச்சியத்தைக்கும் இதே மாதிரிதான் வரும். வலிப்பு வீடுன்னு பேராகிப் போச்சு. மூணு இடத்துல இருந்து பாத்துட்டுப் போனாக, ஒருத்தரும் திரும்பி வரல. சாகுற வரைக்கும் ஒண்டிக்கட்டையாத்தான் கெடந்தா. உங்கப்பா கூடப் பிறந்தவுக, எல்லாத்தையும் பாத்தவுக. நீ பிறந்து ஆறு மாசம் இருக்கும். ஒருநாள் தள்ளாடிக்கிட்டே வந்தாக. எதுத்த வீட்டுக்காரி, 'என்ன, உங்க வீட்டுக்காரரு ஊத்திக்கிட்டாரா?'ன்னு சிரிச்சா. அவுக உள்ள வந்து என்ன சொன்னாக தெரியுமா? 'செல்லா, இது நல்லாயிருக்கே. அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும். குடிகாரன் மகளக் கட்ட ஆள் வருவான். வலிப்புக்காரன் மகளக் கட்ட எவன் வருவான்?'னாக. அவுக சொன்னதுதான். எங்களுக்கு ஒரு குவாட்டரு ஆறு மாசம் வரும். இன்னைக்கு வர்ற மாதிரி இருக்குன்னு அவுக சொல்லிட்டா, வெளிய கெளம்பையிலயே துண்டுல ரெண்டு சொட்டு."

"லாரி அடிச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும் நான்தான் ஊத்தினேன். லாரிக்காரன் தாறுமாறா வந்தான்னு பாத்தவுக சொன்னாக. துண்டு நாறினதும் குடிகாரன் தானா போயி விழுந்தான்னு ஆகிப்போச்சு. வாயத் தொறந்தா உன் கல்யாணம் என்னாகும்? நான் தொறக்கல."

பத்தாம் வகுப்பில் மது ஒழிப்புக் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. ஆண்டு விழாவுக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "அவர உள்ள விடாதீங்க, குடிச்சிருப்பாரு" என்று வாட்ச்மேனிடம் சொன்னது நான்தான். அம்மாவிடம் இன்றைக்குத்தான் அதைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அப்பா கேட்டுக்கு வெளியே நின்றபடியே கைதட்டினாராம். வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதியிருக்காளாம்" என்றாராம்.

அய்யோ அப்பா. அப்பா, அப்பா.

ஆகஸ்ட் 3, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. எழுந்து நிற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வீட்டுக்காரரோடு சண்டை. அவரோடு சண்டை போடுவது சுவரோடு போடுவது மாதிரி, ஆனால் இன்றைக்குச் சுவர் பேசிவிட்டது.

கடிதத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். "அப்பா உயிரைக் குடுத்து மறைச்சதை நான் போயி மதுரையில சபை ஏத்தணுமா?" என்று கத்தினேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"மாமா மறைச்சப்ப மாத்திரை இல்ல, இருந்தாலும் அவருக்குத் தெரியாது. இப்ப இருக்கு. உனக்கு வர்றப்ப நீ ஏன் கஷ்டப்படணும்?"

"எனக்கு எப்ப வந்தது?"

"கல்யாணத்தன்னைக்கே வந்தது. மணவறையைச் சுத்தி வர்றப்ப நீ ஆடினல்லா. சுண்டு விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். விரதம் இருந்த களைப்புன்னு நெனச்சேன். அப்புறம் வருஷத்துல எத்தனை தடவை, நான் பாக்கலையா?"

பதினேழு வருஷம்! நான் பித்தம், வெயில், மாதவிலக்கு, செருப்பு என்று விதவிதமாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரியுமில்ல, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!"

"நீ சொல்லாததை நான் எப்பிடிக் கேக்க?"

தூக்கி அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. தோசைக்கு மாவு கரைத்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்கும் வருகிறது. ஆனால் மதிவதனியை இதில் இழுக்க விடமாட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மதிவதனியின் பி.டி. சார் போன் செய்தார். போன வருஷம் மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடிய பெண், இந்த வருஷம் பெயரே கொடுக்கவில்லையாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பிடித்தேன். "ஏன்டி பேர் குடுக்கல? படிப்புன்னு சாக்கு சொல்லாத."

பையைக்கூட இறக்கவில்லை. "ஓடினா வந்துருமோன்னு பயமா இருக்கும்மா."

"என்ன வந்துருமோன்னு?"

"மாமாவுக்கு வர்றது. உனக்கு வர்றது."

"எனக்கென்ன வருது?" வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம்.

"கோவில்ல இருந்து ஆட்டோல வந்து இறங்கினியே, நான் மாடியில நின்னு பாத்தேன். நீ கேட்டுக் கம்பிய பிடிச்சுப் பிடிச்சு வந்த. கூப்பிட்டா உனக்கு அசிங்கமா இருக்கும்னு கூப்பிடல."

அப்புறம் ஹாலைக் காட்டினாள். தினமும் காலையில் நாங்கள் எழுவதற்கு முன் டைல்ஸ் கோட்டின் மேலேயே அந்தக் கடைசி வரை நடந்து பார்க்கிறாளாம். கால் கோட்டை விட்டு விலகாவிட்டால் அன்றைக்குப் பயமில்லையாம். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. என் வீட்டில், என் மூக்குக்குக் கீழே.

"எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும்மா."

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கையில நாலு பேரு கேப்பாங்க, நான் என்ன எழுத?"

"அதுக்கு இன்னும் ஒம்போது வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் தினமும் கோட்டுலயே நடக்கவா?"

அவள் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தேன். எங்கள் அப்பா என்னைக் காப்பாற்றுவதற்காக ஊர் முன்னால் குடிகாரராக நின்றார். நான் என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று அவளைக் கோட்டில் நடக்க விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

டிராயரைத் திறந்தேன். கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அடுத்த திங்கள், காலை பத்து மணி. அம்மாவும் வருகிறேன் என்கிறாள். "உனக்கு எதுக்கும்மா பஸ்ல அலைச்சல்?" என்றால், "சொல்ல வேண்டியவ நான்லா" என்கிறாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆறு பேர் போனோம். நான், வீட்டுக்காரர், மதிவதனி, கனகவேல், அன்னலட்சுமி, அம்மா. புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், என்னமோ குலதெய்வம் கோவிலுக்குப் போகிற மாதிரி.

ஆலோசகர் ஒரு சின்னப் பெண், ஷஹனாஸ் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று திட்டுவாள், பதிலுக்கு நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு போனேன். அவள் திட்டவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஒரு பெரிய தாளை விரித்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு உள்ளே மை அடைத்தாள். பேச்சியத்தைக்கு ஒரு வட்டம். அப்பாவுக்கு ஒரு சதுரம்.

"அப்பாவுக்குக் குடிப்பழக்கம்னு டாக்டர் சீட்டுல இருக்கு."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அதை அடிச்சிருங்கம்மா. அவுக ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. நான்தான் ஊருக்குப் பொய் சொன்னேன். அவுக நல்லவுக."

ஷஹனாஸ் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். சதுரத்தில் மை அடைத்தாள். கனகவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்து அவன் சதுரம், அதுவும் அடைத்தாயிற்று. பேனா என் வட்டத்துக்கு வந்து நின்றது.

"உங்களுக்கு?"

வீட்டுக்காரர் ஃபேன் சுற்றுவதை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"இருக்கு. இருபத்தொரு வயசில இருந்து" என்றேன். ஒரு ஆளிடம், சத்தமாக, முதல் தடவையாக. இடி எதுவும் விழவில்லை. மை அடைத்துவிட்டு, "ரொம்ப நாள் தனியா சமாளிச்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மதிவதனியின் வட்டத்தைக் காலியாகவே விட்டாள். இந்த நோய் உடம்பில் இருக்கிறவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா போடுகிற மாதிரிதானாம், பாதிக்குப் பாதி. டெஸ்ட் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். பதினெட்டு ஆன பிறகு அவளே முடிவு செய்யலாமாம். மருந்து இருக்கிற நோய் என்பதால் இப்போதே பார்த்தாலும் பிரயோஜனம் உண்டாம். "முடிவு எதுவானாலும் நாங்க வெளிய சொல்ல மாட்டோம், நீங்க சொன்னாத்தான் அடுத்தவங்களுக்குத் தெரியும்" என்றாள். இதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதினார். கனகவேல் பிள்ளைகள் சின்னதுகள், அடுத்த மாதம் கூட்டி வரச் சொன்னார்கள்.

புளியோதரை முழுக்கத் தீர்ந்துவிட்டது. இத்தனை பசியோடு நான் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று.

செப்டம்பர் 4, திங்கள்

மாத்திரை ஆரம்பித்துப் பதினைந்து நாள். ஆவணி பிறந்து மையத்தில் கூட்டம் நெரிகிறது. ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு அரை மணி நேரம் கத்திச் சண்டை போட்டேன். தரை அங்கேயே இருந்தது! சண்டை முடிந்து கிண்ணென்று நடந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முதலாளியம்மா, "என்னடி சிரிக்க?" என்றார்.

கனகவேலைக் கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் கடிதத்தைக் காட்டினானாம். இப்போதைக்குப் பேக்கிங் பகுதியில்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ரிசல்ட் இன்னும் வரவில்லை. மதிவதனி கேட்கவே இல்லை. நான்தான் ஒரு நாளைக்கு நாலு தடவை போனை எடுத்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 9, திங்கள்

எனக்கு இருக்கிறது. தெரிந்ததுதான்.

மதிவதனிக்கு இல்லை.

ஷஹனாஸ் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன், சொன்னாள். அப்புறம் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து நான் போட்ட சத்தத்தில், யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒரு நர்ஸ் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். "ஒண்ணும் இல்லங்க, நல்ல சேதி" என்று வீட்டுக்காரர் அவளிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவரும் அழுதுகொண்டே சொன்னதால் யாரும் நம்பவில்லை. மதிவதனிதான் எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தாள்.

அக்டோபர் 14, சனி

மகாளய அமாவாசை. தம்பி வீட்டில் அப்பாவுக்குப் படையல்.

செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது வழக்கம். முதலில் சித்தப்பா, அப்புறம் கனகவேல் என்று வருஷா வருஷம் ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். படைத்து முடித்ததும் நான்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சாக்கடையில் ஊற்றுவேன். இருபத்துநாலு வருஷம், குடிக்காத மனுஷனுக்கு. அம்மா அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டிருக்கிறாள்.

இன்றைக்குக் கனகவேல் இலையைப் போட்டுவிட்டு முழித்தான். "அம்மா, அப்பாவுக்கு என்னதான் பிடிக்கும்?"

யாருமே அதுவரை கேட்டதில்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சாத்தூர் காராச்சேவுன்னா உசுரு. சட்டைப் பையிலயே பொட்டலம் வச்சிருப்பாக. சைட் டிஷ்ஷுன்னு ஊரு சொல்லும். அவுக பாட்டுக்கு நொறுக்கிக்கிட்டே வருவாக."

மதிவதனி கடைக்கு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். அரைக் கிலோவோடு வந்தாள்.

படைத்து முடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு வடிவு மதினி எட்டிப் பார்த்தார். இலையையும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்ன, இந்த வருஷம் தவசி மாமாவுக்குச் சரக்கு வைக்கலையா?" என்றார்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான்தான் பேசினேன்.

"எங்கப்பா குடிக்க மாட்டாரு மதினி. எங்க குடும்பத்துல ஒரு நோய் இருக்கு, நிக்கையில தள்ளாடும். அத்தைக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, தம்பிக்கு இருக்கு, எனக்கு இருக்கு. மாத்திரை போட்டுக்கிடுறோம்."

நாளைக்குள் தெரு முழுக்கப் போய்விடும். மையத்துக்கும் வந்து சேரும். வரட்டும்.

மதினி ஒரு எட்டு உள்ளே வந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உம் மகளுக்கு?" என்றார். எல்லாருக்கும் அந்தக் கேள்விதான் வரும். எனக்குத் தெரியாதா.

"அவளுக்கு இல்ல" என்றேன்.

இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று படையல் முடிந்ததிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அருகில்தான் நின்றாள், காராச்சேவு மென்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. சொல்லியிருப்பேன். இதை எழுதிவிட்டு இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தேன். சொல்லியிருப்பேன்.